புத்தம்புது கூட்ஸ் வேகனை ஓடித் தேய்ந்த வேகனாக மாற்றுவது எப்படி? ஒரு பாக்ஸ்என் செய்முறை

பெட்டியைப் பிரித்து எடுத்த மாடல் வேகன் பளபளவென்று இருக்கும். நிஜ வேகனுக்கு அந்தப் பளபளப்பு ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டிய கொஞ்ச நாளைக்குத்தான். நிலக்கரி ஏற ஆரம்பித்ததும் நிறம் மங்கும், விளிம்பில் பெயின்ட் பெயரும், வெல்டிங் ஓரங்களில் துரு எட்டிப்பார்க்கும். இதையெல்லாம் மாடலில் கொண்டுவரும் வேலையைத்தான் வெதரிங் என்கிறோம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஏர்பிரஷ் (பெயின்டைக் காற்றால் தெளிக்கும் கருவி) இல்லாமலே முதல் வேகனை நன்றாகச் செய்துவிடலாம்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது இந்திய ரயில்வேயின் பாக்ஸ்என், எச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்கு. மேட்டூர் அனல் மின் நிலையம் பக்கம் போயிருந்தால் கூரையில்லாத, உயரமான பக்கச்சுவர் கொண்ட இந்த வேகன்களை வரிசையாகப் பார்த்திருப்பீர்கள். ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வேகன் கிடையாது. துரு, தூசி, கரிப்பொடி, சிராய்ப்பு என்று எல்லாமே இந்த ஒரே வண்டியில் இருக்கும். உங்களிடம் இருப்பது வேறு வேகன் என்றாலும் முறை இதேதான்.

பிரஷை எடுப்பதற்கு முன்னால்

வெதரிங்கில் பலரும் தடுமாறுவது பெயின்ட் அடிப்பதில் இல்லை, எங்கே அடிப்பது என்பதில். வேகன் மேல் இருக்கும் ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் இடமும் நிறமும் தானாக வந்துவிடும். தெரியாமல் ஆரஞ்சு நிறத்தைத் தெளித்தால் துருப்பிடித்த மாதிரி இருக்காது, அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

அதனால் முதலில் ஒரு நிஜ வேகனின் போட்டோவைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

மேல் விளிம்பில் பெயின்ட் பெரும்பாலும் போயிருக்கும். நிலக்கரியை லோடர் வண்டியால் அள்ளிக் கொட்டும்போது அதன் வாளி இங்கேதான் இடிக்கும். அனல் மின் நிலையத்தில் டிப்ளர் வேகனை அப்படியே தலைகீழாகப் புரட்டிக் கொட்டும்போது, பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் அழுத்துவதும் இந்த விளிம்பைத்தான். எனவே சிராய்ப்பு இங்கே அதிகம், துரு புதுசு.

பக்கச்சுவரில் செங்குத்தாக நிற்கும் வலுவூட்டும் பட்டைகளைக் கவனியுங்கள். மழைநீர் அவற்றின் ஓரமாக வழிந்து அடியில் தேங்கும். துரு அந்த அடிமூலையில் தொடங்கிக் கீழ்நோக்கி ஒழுகும். கதவுகளின் கீழ் ஓரம், கீல், வெல்டிங் கோடு எல்லாவற்றிலும் இதே கதைதான். தகட்டின் நடுவில், வெட்டவெளியில் துரு அவ்வளவாக இருக்காது. அங்கே நிறம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான்.

உள்பக்கம் தனி உலகம். ஈர நிலக்கரியில் இருக்கும் கந்தகம் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டை அரிக்கும். போதாததற்கு ஒவ்வொரு லோடும் உள்சுவரை உரசிக்கொண்டே இறங்கும். உள்ளே பெயின்ட் என்ற பேச்சே இருக்காது. துருப்பிடிக்காத எஃகில் பாக்ஸ்என்எச்எல் வேகன்களைக் கட்டத் தொடங்கியதற்கு இந்த அரிப்பும் ஒரு காரணம்.

கடைசியாக நம்பரைப் படியுங்கள். இந்திய ரயில்வே வேகன் எண்ணில் 11 இலக்கங்கள். முதல் இரண்டு வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. 06 என்றால் தெற்கு ரயில்வே. ஐந்தாவதும் ஆறாவதும் வேகன் தயாரான ஆண்டு. உங்கள் மாடலில் அந்த இடத்தில் 08 என்று இருந்தால் அது 2008-ல் பிறந்த வண்டி. நீங்கள் காட்ட நினைக்கும் காலத்தில் அதற்கு என்ன வயது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு பழசாக்கலாம் என்பதை நம்பரே சொல்லிவிடும்.

வாங்க வேண்டியவை

பெரும்பாலானவை ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். அக்ரிலிக் பெயின்டில் கறுப்பு, வெள்ளை, பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்). ஆயில் பெயின்டில் பர்ன்ட் சியன்னாவும் பர்ன்ட் அம்பரும் மட்டும், சின்ன டியூப் போதும். மினரல் டர்பன்டைன், மேட் (பளபளப்பில்லாத) அக்ரிலிக் வார்னிஷ் ஸ்ப்ரே, சாஃப்ட் பேஸ்டல் குச்சிகள், காது குடையும் பஞ்சுக்குச்சி, பழைய ஸ்பாஞ்ச் துண்டு, ஒரு தட்டை பிரஷ், ஒரு நுனி மெல்லிய பிரஷ்.

பேஸ்டல் வாங்கும்போது உஷார். ஆயில் பேஸ்டல் தேய்த்தால் பொடியாகாது, மெழுகு மாதிரி ஒட்டும். சாஃப்ட் பேஸ்டல் என்று கேட்டு வாங்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் மாடல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

படி 1: கழுவிக் காயவைப்பது

சக்கரங்களைக் கழற்றித் தனியாக வையுங்கள். பாடியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் மென்மையாகக் கழுவிக் காயவிடுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது. இனி ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்குங்கள்.

படி 2: மேட் வார்னிஷ்

பளபளப்பான பிளாஸ்டிக்கில் பேஸ்டல் பொடி நிற்காது, வழுக்கிவிடும். ஒரு மெல்லிய பூச்சு மேட் வார்னிஷ் அடித்தால் பிடிமானம் கிடைக்கும், எழுத்துகளும் பாதுகாப்பாக இருக்கும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் வார்னிஷோடு சேர்ந்து வெண்படலமாகிவிடும். ஒரு நாள் காயட்டும்.

படி 3: வெளுக்க வைப்பது

மாடலின் நிறம் செம்பழுப்பு என்று வைத்துக்கொள்வோம். பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் வெள்ளையும் துளி ஆக்கரும் கலந்து, ஒரு பங்கு பெயின்டுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு, ஒரு சொட்டு சோப்பு சேருங்கள். தட்டை பிரஷால் பக்கச்சுவர் முழுக்க மேலிருந்து கீழாக மட்டுமே இழுங்கள். குறுக்கே ஒரு தடவைகூட வேண்டாம். மழை குறுக்கே ஓடாது. காய்ந்ததும் வெயிலில் நின்ற நிறம் தெரியும். போதவில்லை என்றால் இன்னொரு பூச்சு. எழுத்துகளின் வெள்ளையும் இதில் மங்கும், அதுவும் நல்லதுதான்.

இந்தப் படியை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். செம்பழுப்பின் மேல் துரு வைத்தால் இரண்டும் ஒரே நிறக் குடும்பம் என்பதால் கண்ணுக்கே தெரியாது. அடிநிறம் வெளுத்திருந்தால்தான் அதன் மேல் வைக்கும் அடர்த்தியான துரு எடுப்பாகத் தெரியும்.

படி 4: இடுக்குகளில் அழுக்கு

பர்ன்ட் அம்பரும் கறுப்பும் சம அளவில் கலந்து, அதேபோல் நிறையத் தண்ணீர் விட்டு, பட்டைகளின் ஓரம், கதவு இடுக்கு, கீல் இவற்றில் மெல்லிய பிரஷால் தொட்டு வையுங்கள். அது தானாகவே கோட்டோடு ஓடும். ஒரு நிமிடம் கழித்து ஈரமான பஞ்சுக்குச்சியால் தகட்டின் நடுவில் படிந்ததை மட்டும் கீழ்நோக்கித் துடைத்தெடுங்கள். இடுக்கில் இருப்பது இருக்கட்டும்.

படி 5: துரு

இங்கேதான் நிதானம் வேண்டும். எச்.ஓ. அளவில் ஒரு மில்லிமீட்டர் புள்ளி என்பது நிஜத்தில் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர், உள்ளங்கை அகலம். பத்து புள்ளி வைத்தால் பத்து உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வைக்கும் புள்ளி ஒவ்வொன்றும் முடிந்தவரை சின்னதாக இருக்கட்டும்.

ஸ்பாஞ்சிலிருந்து பட்டாணி அளவுக்கு ஒரு துண்டு பிய்த்து இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். பர்ன்ட் அம்பர் அக்ரிலிக்கில் தொட்டு, பழைய பேப்பரில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்த நிலைக்கு வந்ததும் மேல் விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். ஒழுங்கில்லாத நுண்புள்ளிகள் விழும். கையால் வைத்தால் இந்த ஒழுங்கின்மை வராது, கை தன்னையறியாமல் சம இடைவெளி விட்டுவிடும். அப்புறம் கதவுகளின் கீழ் ஓரத்திலும் பட்டைகளின் அடியிலும் இதையே செய்யுங்கள். பழைய துரு கரும்பழுப்பு. புதிதாகச் சிராய்த்த இடத்தில்தான் ஆரஞ்சுச் சாயல் இருக்கும். எனவே பர்ன்ட் சியன்னாவில் துளி ஆக்கர் கலந்ததை மேல் விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில், ஏற்கெனவே வைத்த கரும்புள்ளிக்கு உள்ளே மட்டும் தொடுங்கள்.

வழிந்த துருவுக்கு ஆயில் பெயின்ட். முதலில் ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். பெயின்ட் சீக்கிரம் காயும், பளபளக்காது. ஊசி முனையளவு புள்ளியைத் துருப்பிடித்த இடத்தின் அடியில் வையுங்கள். தட்டை பிரஷை டர்பன்டைனில் நனைத்து, டிஷ்யூவில் நன்றாக ஒற்றி எடுத்து, அந்தப் புள்ளியைக் கீழ்நோக்கி ஒரே இழுப்பில் இழுங்கள். அடியில் போகப்போக மெலிந்து மறைய வேண்டும். பிரஷைத் துடைத்துவிட்டு இரண்டாவது முறை இழுத்தால் இன்னும் மெலியும். பிடிக்கவில்லையா, டர்பன்டைன் தொட்டு அழித்துவிட்டு மறுபடி வையுங்கள். நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் டர்பன்டைனில் கரையாது, ஆனாலும் வேகனின் அடிப்பக்கத்தில் ஒரு தடவை சோதித்துக்கொள்வது நல்லது. இந்த வேலை முடிந்து இரண்டு நாள் வேகனைத் தொடாதீர்கள்.

படி 6: உள்பக்கம்

சுவர் முழுக்க பர்ன்ட் அம்பரும் சியன்னாவும் அரைகுறையாகக் கலந்தபடி பூசுங்கள், சீராக இருக்கவே கூடாது. காய்ந்ததும் தரையிலும் மூலைகளிலும் கறுப்புப் பேஸ்டல் பொடி. காலி வேகனின் மூலையில் கொட்டாமல் மிஞ்சிய கரி கொஞ்சம் கிடக்கும்.

படி 7: போகியும் சக்கரமும்

வெளிநாட்டுச் செய்முறைகளைப் படித்துவிட்டு ஆக்சில் முனையில் எண்ணெய்க் கறை வைப்பவர்கள் உண்டு. பழைய பிரிட்டிஷ் வேகன்களுக்கு அது சரி, அவற்றின் ஆக்சில் பாக்ஸில் எண்ணெய் கசியும். பாக்ஸ்என் வேகனின் காஸ்னப் வகைப் போகியில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தில், மூடிய ரோலர் பேரிங். இங்கே ஈரக் கறுப்பு கிடையாது. தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் இரும்புத் தூளும் மண்ணும் படிந்த ஒரே மாதிரியான காய்ந்த பழுப்புதான். பர்ன்ட் அம்பர், ஆக்கர், துளி கறுப்பு கலந்து பூசினால் போதும்.

சக்கரத்தின் முகத்தையும் இதே நிறத்தில் பூசுங்கள். தண்டவாளத்தில் உருளும் பரப்பிலும் ஆக்சிலின் கூர்முனையிலும் பெயின்ட் படக் கூடாது. பட்டால் ஓட்டம் கெடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து விடுங்கள், ஆனால் அந்தப் பஞ்சு பாடியில் படவே கூடாது; அக்ரிலிக்கும் வார்னிஷும் அதில் கரையும்.

படி 8: தூசி

பேஸ்டலை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது. கீழ்ப்பகுதியில் மண் நிறம், மேலே கரிப்பொடி. காய்ந்த மெத்தென்ற பிரஷால் மேலிருந்து கீழாகத் தடவி, மிச்சத்தை ஊதிவிடுங்கள். பிறகு மெல்லிய மேட் வார்னிஷ், சற்றுத் தள்ளி நின்று. வார்னிஷ் பட்டதும் பொடியின் நிறம் பாதியாகக் குறையும், பயப்பட வேண்டாம். அதற்கென்றே பொடியை முதலிலேயே ஒரு சுற்று கூடுதலாகப் போடலாம். வார்னிஷ் அடிக்காமலும் விடலாம்; ஆனால் கைபட்ட இடமெல்லாம் அழியும்.

கண்ணை நம்ப வைக்கும் சின்ன விஷயங்கள்

பொன்மலை மாதிரி ஒரு ஒர்க்‌ஷாப்பில் பி.ஓ.எச். (குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நடக்கும் முழுப் பராமரிப்பு) முடிந்த வேகனில் அந்தத் தேதியைப் புதிதாக எழுதியிருப்பார்கள். வேகன் முழுக்க மங்கி, அந்த ஒரு கட்டம் மட்டும் புதுப் பெயின்டில் பளிச்சென்று இருப்பது வழக்கமான காட்சி. படி 3-க்கு முன்னால் அந்த இடத்தில் சின்னதாக மாஸ்கிங் டேப் ஒட்டி, கடைசியில் உரித்தால் இது கிடைத்துவிடும். அரித்துப்போன தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்ட் செய்த இடத்தை, சற்றே வேறு சாயலில் ஒரு செவ்வகமாகக் காட்டலாம். வெள்ளைப் பென்சிலைக் கூராக்கிப் பக்கச்சுவரில் ஒரு சாக்பீஸ் கிறுக்கல், பரிசோதனை ஊழியர் போட்ட குறி மாதிரி. ஒரு வேகனுக்கு இவற்றில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூன்றையும் ஒரே வண்டியில் வைத்தால் செயற்கையாகிவிடும்.

லோடு வைக்க விரும்பினால் உண்மையான நிலக்கரியையே சுத்தியால் உடைத்துச் சலித்துப் பயன்படுத்துங்கள். வேறு எதுவும் அந்த மினுமினுப்பைத் தராது. வேகனின் உள்ளளவுக்குத் தெர்மோகோல் வெட்டி, கறுப்பு அடித்து, ஃபெவிகால் தடவிக் கரியைத் தூவி, அதன் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். லோடர் ஒவ்வொரு வாளியாகக் கொட்டுவதால் மேல்பரப்பு இரண்டு மூன்று மேடாக இருக்க வேண்டும், சமதளமாக வேண்டாம்.

அடுத்த வேகனுக்குப் போகும்போது, நான்கைந்தை ஒன்றாக வரிசையில் வைத்து ஒவ்வொரு படியையும் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செய்யுங்கள். ஒரே பாதையில் ஓடும் ரேக் (ஒன்றாக இணைந்து ஓடும் வேகன் வரிசை) என்பதால் தூசியின் நிறம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு ஒரே கிண்ணத்துக் கலவைதான் வழி. துருவின் அளவை மட்டும் ஒவ்வொன்றின் நம்பரைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். நடுவில் ஒரு புது வேகனைப் படி 3 வரை மட்டும் செய்து, அடியில் கொஞ்சம் தூசி பூசிச் சேர்த்துவிட்டால் பழைய வேகன்கள் இன்னும் பழசாகத் தெரியும்.