பில்லி பீனைப் பார்த்துக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு மார்ச்சிலும் எங்கள் ஃபேன்டஸி பேஸ்பால் லீக் (நிஜ ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்து அணி சேர்த்து, அவர்களுடைய ஆட்டக் கணக்கால் மோதும் விளையாட்டு) ஏலத்துக்குப் புதிதாக இரண்டு மூன்று பேர் வருவார்கள். ஓக்லாந்து அத்லெடிக்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியைக் குறைந்த பணத்தில், எண்களை நம்பி நடத்திய பில்லி பீனின் கதை அவர்களுக்கு மனப்பாடம். ஆனாலும் நான் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகளை அப்படியே செய்வார்கள். காயம்பட்ட ஆட்டக்காரரை எடுப்பது, பணத்தை முதல் அரைமணியிலேயே தீர்ப்பது போன்றவை ஒரு சீசனில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

ஆடிய கணக்கை வைத்து நிர்வாகியை அளப்பது

பீனை 1980 டிராஃப்டில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) நியூயார்க் மெட்ஸ் முதல் சுற்றிலேயே எடுத்தது. உயரம், வேகம், கை வலு என்று ஆள் தேடும் ஸ்கவுட்கள் மயங்கிப்போன பையன். மேஜர் லீக்கில் நான்கு அணிகளுக்கு ஆடியும் மொத்தம் 148 ஆட்டங்கள், மட்டையடிச் சராசரி வெறும் .219, 3 ஹோம் ரன். 1990இல் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓக்லாந்திடமே ஸ்கவுட் வேலை கேட்டு வாங்கினார். ஆடத் தெரியாதவருக்கு ஆட்களை எடைபோட எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். பார்வைக்கு லட்சணமாக இருப்பவர் ஆட்டத்தில் தோற்கலாம் என்பதை அவர் தன் உடம்பிலேயே பார்த்தவர், அதுதான் பதில்.

எல்லாம் அவர் மூளையில் உதித்தது என்று நம்புவது

எண்களை வைத்து ஆள் எடுப்பது, அவருக்கு முன் ஓக்லாந்தின் ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் இருந்த சாண்டி ஆல்டர்சன் தொடங்கிவைத்தது.

விடையைக் காப்பியடிப்பது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். 2001 முடிந்ததும் ஓக்லாந்தின் நட்சத்திர மட்டையாளர் ஜேசன் ஜியாம்பி நியூயார்க் யாங்கீஸுக்குப் போய்விட்டார். அவரைத் தக்கவைக்க ஓக்லாந்திடம் பணம் இல்லை. யாங்கீஸின் சம்பளப் பட்டியலே ஓக்லாந்தைப் போல மூன்று மடங்கு. பீன் என்ன செய்தார்? முழங்கைக் காயத்தால் இனி கேட்சராக நிற்க முடியாத ஸ்காட் ஹாட்டபெர்க்கை மலிவாக எடுத்து, முதல் பேஸில் நிறுத்தினார். அவர் அவசரப்பட்டு மட்டையை வீசமாட்டார், பொறுமையாக வாக் (நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்குப் போவது) வாங்குவார். 2002இல் அவருடைய ஆன்-பேஸ் விகிதம் (ஆட்டமிழக்காமல் பேஸை அடையும் விகிதம்) .374. அந்த ஆண்டு தொடர்ந்து 20ஆவது வெற்றியைத் தந்த ஹோம் ரனும் அவருடையதுதான். 11-0 என்று முன்னிலையில் இருந்து 11-11 ஆகிவிட்ட ஆட்டம் அது.

சரி, இதைக் கேட்டவுடன் எல்லோரும் குறித்துக்கொள்வது ‘ஆன்-பேஸ் விகிதம் பார்’ என்பதை. நானும் அதைத்தான் குறித்துக்கொண்டேன். என் முதல் ஏலத்தில் வாக் அதிகம் வாங்கும் நான்கு பேருக்காக 260 டாலரில் பாதிக்கு மேல் கொட்டினேன். மேசையில் இருந்த மற்ற பதினோரு பேரும் அதே எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலை ஏறிக்கொண்டே போனது, நான் கையை இறக்கவில்லை. பந்து வீசும் பிட்சர்களை வாங்கக் காசு மிஞ்சவில்லை. ஆகஸ்டுக்குள் கடைசி இடம்.

பீன் தேடியது அந்த எண்ணை அல்ல. சந்தை எதைக் குறைத்து மதிப்பிடுகிறது என்று தேடினார். 2002இல் கிடைத்த விடை ஆன்-பேஸ். அப்புறம் பணக்கார அணிகளும் அதே கணக்கைப் போட ஆரம்பித்தன. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரையே 1 கோடியே 25 லட்சம் டாலருக்குக் கூப்பிட்டது, அவர் போகவில்லை. பணமும் கணக்கும் சேர்ந்த பாஸ்டன் 2004இல் உலகத் தொடரை வென்றது. ஓக்லாந்து வேறு இடம் பார்க்க வேண்டியிருந்தது. 2012இல் அது 94 ஆட்டங்கள் ஜெயித்தபோது, வலக்கை பிட்சருக்கு ஒருவர், இடக்கை பிட்சருக்கு இன்னொருவர் என்று ஒரே இடத்துக்கு இரண்டு மலிவான ஆட்களை மாற்றி மாற்றி ஆடவைத்தது.

இதன் மறுபக்கமும் உண்டு: சந்தை எதற்கு அதிகம் கொடுக்கிறதோ அதை விற்பது. பீன் ஆட்டத்தை முடித்துவைக்கும் குளோசர்களை அப்படித்தான் கையாண்டார். பில்லி டெய்லரைக் கொடுத்து இஸ்ரிங்ஹவுசனை வாங்கினார்; பில்லி காக்கைக் கொடுத்து கீத் ஃபோக்கை வாங்கினார். ‘சேவ்’ (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துத் தந்தது) எண்ணிக்கை ஏறியவருக்கு எப்போதும் ஆள் கிடைக்கும். புதியவர்கள் ஏலத்தில் வாங்குவதை மட்டும் யோசிக்கிறார்கள், விற்பதை யாரும் யோசிப்பதில்லை.

பிட்சர்களை மறப்பது

ஓக்லாந்தின் பிட்சர்கள் ஹட்சன், மல்டர், ஜிட்டோ. மூவரும் டிராஃப்டில் வந்தவர்கள். அவர்கள் இல்லாமல் 2002இன் 103 வெற்றி இல்லை.

பிளேஆஃபை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

சீசனுக்குப் பின் பிளேஆஃபில் வரும் ஐந்து ஆட்டத் தொடரை, சீசன் முழுக்க ஆடும் 162 ஆட்டத்துக்குச் சமமாக வைக்காதீர்கள்.

அவர் தவறமாட்டார் என்று நினைப்பது

2014 நவம்பரில் ஜாஷ் டொனால்ட்சனை டொரண்டோவுக்குக் கொடுத்து நான்கு பேரை வாங்கினார். அடுத்த ஆண்டு டொனால்ட்சன் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அதே ஆண்டு ஓக்லாந்து 94 ஆட்டங்களில் தோற்றது.