கும்பகோணத்துக்கு எத்தனை வீடு வேண்டும்? கணக்கிடும் முறை

குடும்பங்களின் எண்ணிக்கையிலிருந்து வீடுகளின் எண்ணிக்கையைக் கழித்தால் பற்றாக்குறை வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரே அடுப்பில் சமைப்பவர்களை ஒரே குடும்பமாக எண்ணியது. மணமான மகன் கூடத்தில் படுத்தாலும் கணக்கில் பற்றாக்குறை தெரியாது. அதனால் வார்டுக்கு நூறு வீடாவது நேரில் பாருங்கள்: தனி அறையில்லாத தம்பதிகள், பழுதுபார்க்க முடியாத வீடுகள், வீடற்றவர்கள் எனத் தனித்தனியாகக் குறியுங்கள். ஒரே குடும்பம் இரண்டு பட்டியலில் வந்தால் ஒருமுறை மட்டும் எண்ணுங்கள்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளை இருப்பில் சேர்க்காதீர்கள். வெளிநாட்டில் இருப்பவரின் அக்கிரகாரத்து வீடு வாடகைக்கு வராது. மின் கணக்கீட்டில் மூன்று முறை தொடர்ந்து பயன்பாடு பூஜ்யம் என்றால் பெரும்பாலும் காலி வீடுதான்.

அடுத்து, கட்டுப்படியாகுமா என்பது. மாத வருமானம் 18,000 ரூபாய் என்றால் 30 சதவீதமான 5,400 ரூபாய்தான் வாடகைக்கு எல்லை. ஒத்தி வீடுகளை, அதாவது மொத்தத் தொகை கொடுத்து மாத வாடகையில்லாமல் குடியிருக்கும் வீடுகளை, விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. 3 லட்சம் ஒத்திக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் வைத்தால், அது மாதம் 3,000 ரூபாய் வாடகைக்குச் சமம்.

கோயில், மடத்து அடிமனைகளை, அதாவது அவற்றுக்குச் சொந்தமான நிலத்தில் நிற்கும் வீடுகளை, தனிப் பத்தியில் எழுதுங்கள். மனை குடியிருப்பவர் பெயரில் இல்லாததால் வங்கிக் கடனும் வீட்டு மானியமும் சிக்கலாகும். அங்கே தேவை புது வீடல்ல, நில உரிமைக்கு ஒரு தீர்வு.