வராதவர்களைத் தேட நாள் பார்க்காதீர்கள்: கள ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்பூசி, காசநோய் சிகிச்சை, ஊட்டச்சத்து, கர்ப்பிணிகளுக்கான வகுப்பு என எந்தச் சமூகத் திட்டமானாலும் குறித்த நாளில் சிலர் வரமாட்டார்கள். அவர்களை யார், எப்போது, எப்படித் தேடுவது என்பதில்தான் பாதித் திட்டங்கள் தடுமாறுகின்றன. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் பதிவேடுகளைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை ஊழியர்கள் அந்த நாட்களில் செய்த அதே தவறுகள் அப்படியே திரும்ப வருவதைப் பார்க்கிறேன். கையெழுத்து புரியும்படி எழுதுங்கள், போன் எண்ணைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வந்தவர்களை மட்டும் எண்ணுவது

ஒரு குழுவில் 40 பேர் பதிந்திருக்கிறார்கள், மூன்று வாரமாக வாரத்துக்கு 30 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் 30, 30, 30 என்று அழகாக இருக்கும். ஆனால் ஒரே 10 பேர் மூன்று வாரமும் வராமல் இருந்திருக்கலாம். அல்லது ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு 10 பேர் விட்டிருக்கலாம். முதல் நிலையில் 10 பேர் திட்டத்தை விட்டே போய்விட்டார்கள், ஒவ்வொருவராகத் தேடிப் போக வேண்டும். இரண்டாவது நிலையில் நீங்கள் வைத்திருக்கும் நேரமோ இடமோ அவர்களுக்கு ஒத்துவரவில்லை, அதை மாற்ற வேண்டும். தலைக்கணக்கு மட்டும் இருந்தால் இரண்டில் எது என்று தெரியவே தெரியாது.

அதனால் வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் டியூ லிஸ்ட் வேண்டும். இன்று யார் யார் வர வேண்டும் என்று முந்தின நாளே பெயர் பெயராக எழுதிவிடுங்கள். வந்தவர்களுக்கு டிக் போடுங்கள். டிக் விழாத பெயர்கள்தான் உங்கள் அடுத்த வேலை. கணினி இல்லாத இடங்களில் பழைய முறை ஒன்று நன்றாகவே ஓடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் அட்டை வைத்து, மாதத்துக்கு ஓர் அறையாகப் பிரித்த பெட்டியில், அடுத்து வர வேண்டிய மாதத்தின் அறையில் செருகிவிடுவது. வந்ததும் அட்டை அடுத்த அறைக்குப் போகும். வாரா வாரம் அந்த அறையைப் பார்த்தால், தேதி கடந்தும் நகராத அட்டைகள் யாருடையவை என்று தெரிந்துவிடும்.

தடுப்பூசியில் இடைநிற்றல் விகிதம் என்று ஒரு கணக்கு உண்டு. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா தடுப்பூசியின் முதல் தவணை போட்டவர்களிலிருந்து மூன்றாம் தவணை போட்டவர்களைக் கழித்து, முதல் தவணை எண்ணால் வகுத்து, 100 ஆல் பெருக்குவது. 10 சதவீதத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். பயனுள்ள கணக்குதான். ஆனால் வெளியிலிருந்து வந்து மூன்றாம் தவணை மட்டும் போட்டுக்கொண்ட குழந்தைகள், உங்கள் பகுதியில் விடுபட்ட குழந்தைகளை அந்தக் கணக்கில் மறைத்துவிடுவார்கள். சில சமயம் விடை எதிர்மறையாகக்கூட வரும். அப்போது மகிழ்ச்சி அடையாமல் பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் பாருங்கள்.

அறிக்கைக்கு வைத்த கெடுவை, தேடுவதற்கான கெடு என்று நினைப்பது

இன்றுவரை எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காசநோயில் சிகிச்சை தொடர்ந்து 2 மாதம் அல்லது அதற்கு மேல் தடைப்பட்டால் தொடர்பு விட்டுப்போனவர் என்று கணக்கில் எழுதுவார்கள். எச்.ஐ.வி. கூட்டுமருந்துச் சிகிச்சையில், வர வேண்டிய நாளிலிருந்து 28 நாள் கடந்தால் சிகிச்சை தடைப்பட்டவர் என்று எழுதும் முறை பல திட்டங்களில் இருக்கிறது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கு வாராவாரம் சிகிச்சை உணவு கொடுக்கும் திட்டங்களில், தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் விலகியவர் என்பார்கள், சில இடங்களில் மூன்று முறை. இந்தக் கெடுக்கள் எல்லாம் எதற்கு? ஒரு மையத்தின் கணக்கை இன்னொரு மையத்தின் கணக்கோடு ஒப்பிட வேண்டுமானால் இரண்டு பேரும் ஒரே அளவுகோலை வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான், வேறு எதற்கும் இல்லை.

புதிய ஊழியர் கையேட்டைப் படிக்கிறார். "இரண்டு முறை வராவிட்டால் விலகியவர்" என்று இருக்கிறது. உடனே, இரண்டு முறை வராமல் போகும்வரை நமக்கு வேலை இல்லை என்று எடுத்துக்கொள்கிறார். ஒரு ஊட்டச்சத்துத் திட்டத்தில் இதை நேரில் பார்த்தேன். ஒரு குழந்தையின் பெயருக்கு எதிரே அந்த வாரக் கட்டம் காலியாக இருந்தது. கேட்டதற்கு, "இன்னும் ஒரு வாரம் ஆகட்டும், அப்புறம்தான் லிஸ்டில் வரும்" என்று பதில் வந்தது. இரண்டாவது கட்டமும் காலியான பிறகு வீட்டுக்குப் போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. முதல் முறை வராமல் போன பிறகும் அந்தக் குடும்பம் சில நாட்கள் அங்கேதான் இருந்தது, அப்புறம்தான் வேலை தேடி வேறு இடம் போனார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் வாரமே போயிருந்தால் ஆள் இருந்திருப்பார். குறைந்தபட்சம், போகும் இடத்தில் எந்த மையத்துக்குப் போகலாம் என்றாவது சொல்லி அனுப்பியிருக்கலாம்.

அந்தக் குழந்தைக்குக் கொடுத்திருந்தது ஒரு வாரத்துக்கான உணவுப் பொட்டலங்கள். வராமல் போன அன்றே கையிருப்பு தீர்ந்திருக்கும். அதற்கு மேல் நாம் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தை சிகிச்சை உணவு இல்லாமல் இருக்கும் நாள். மாத்திரைக்கும் இதே கணக்குதான். கொடுத்த மாத்திரை தீரும் நாளையொட்டித்தான் அடுத்த தேதி குறிக்கிறோம். எச்.ஐ.வி. மருந்து நின்றால் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகத் தொடங்கும். காசநோய் மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகும் ஆபத்து இருக்கிறது. 28 நாள் முடியட்டும், 2 மாதம் முடியட்டும் என்று நாம் உட்கார்ந்திருப்பது இதெல்லாம் நடக்க அவகாசம் கொடுப்பதுதான்.

இதில் புதியவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. மாதக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் கேட்கும் ஒரே கேள்வி, "விலகியவர் எத்தனை பேர்?" கெடு தாண்டாதவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காததைச் செய்ய வேண்டியதில்லை என்று ஊழியர்கள் கற்றுக்கொள்கிறார்கள். இன்னும் மோசமான பழக்கம் ஒன்றும் வருகிறது. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ஓடிப்போய் அவரை ஒரே ஒரு முறை வரவழைத்து, எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொள்வது. அவர் ஏன் வரவில்லை என்பது அப்படியே கிடக்கும். அடுத்த மாதம் மறுபடி அதே ஓட்டம்.

மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்பியர் கையேடு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டுச் சிகிச்சையில் விலகியவர்கள் 15 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. 14 என்று வந்ததும் கூட்டம் நிம்மதி அடைகிறது. அந்த 14 சதவீதத்தினரும் திட்டத்தில் சேர்ந்த முதல் இரண்டு வாரத்திலேயே போனவர்களா, குணமாகும் கட்டத்தில் நின்றவர்களா என்று பாருங்கள். முதல் வகையினர் உயிராபத்தோடு போனவர்கள். ஒரே சதவீதம்தான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

சரி, என்ன செய்வது? பதிவேட்டில் இரண்டு தேதிக்கு இடம் விடுங்கள். ஒன்று, தேடத் தொடங்க வேண்டிய தேதி. இன்னொன்று, அறிக்கையில் ஏற வேண்டிய தேதி. அமர்வு முடிந்த அன்று மாலையே டிக் விழாத பெயர்களைத் தனியாக எழுதுங்கள். மறுநாள் போன். போனில் கிடைக்காதவர்களில் ஆபத்து அதிகமானவர்கள் வீட்டுக்கு ஓரிரு நாளில் நேரில் போக வேண்டும். சிகிச்சையின் தொடக்க வாரங்களில் இருப்பவர்கள், உடல்நிலை மோசமானவர்கள், சிறு குழந்தைகள், முன்பும் இடையில் விட்டவர்கள் முதலில். மற்றவர்களுக்கு இன்னும் சில நாள் போன் முயற்சி போதும். ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான். ஆனால் வராமல் போன மறுநாள் பெரும்பாலும் ஒரு போனில் முடிகிற வேலை, ஒரு மாதம் கழித்துப் பல நடை நடந்தாலும் முடியாமல் போகிறது.

யார் எடுத்தாலும் விஷயத்தைச் சொல்லிவிடுவது

போனை வீட்டில் வேறொருவர் எடுக்கிறார். "மாத்திரை வாங்க வரலையே" என்று ஊழியர் சொல்லிவிடுகிறார். நோயைப் பற்றி வீட்டில் சொல்லாமல் இருந்தவர் என்றால், அவர் அதற்கு மேல் உங்கள் மையத்தின் பக்கமே வரமாட்டார். அப்படி ஒருவரை நாங்கள் நிரந்தரமாக இழந்திருக்கிறோம். திட்டத்தின் பெயர் எழுதிய வண்டியை வாசலில் நிறுத்துவதும், பக்கத்து வீட்டில் செய்தி சொல்லிவிட்டு வருவதும் இதே வகைதான்.

பெயர் பதியும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: நீங்கள் வராவிட்டால் போன் செய்யலாமா, எந்த நேரத்தில், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும், வீட்டுக்கு வரலாமா, யாரிடம் பேசலாம். வர வேண்டாம் என்றால் போகாதீர்கள்.

ஒரே போன் எண்ணோடு பதிவை முடிப்பது

அவர் சம்மதத்தோடு இன்னொரு எண் வாங்காமல் பதிவை மூடாதீர்கள்.

"ஏன் வரவில்லை?" என்று தொடங்குவது

அது விசாரணை போல இருக்கும். "எப்படி இருக்கீங்க, அன்றைக்குப் பார்க்க முடியலையே" என்று தொடங்குங்கள்.

காரணம் என்ற கட்டத்தில் "விருப்பமில்லை" என்று எழுதுவது

ஆளைப் பார்க்காமலே இதை எழுதும் பழக்கம் இருக்கிறது. எச்.ஐ.வி. திட்டங்களில் தொடர்பு விட்டுப்போனவர்களைத் தேடிப் போன பல ஆய்வுகளில், ஒரு பகுதியினர் இறந்திருந்தார்கள், இன்னொரு பகுதியினர் வேறு மையத்தில் ஒழுங்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் பதிவேட்டில் இரண்டு பேரும் "விருப்பமில்லை" ஆகிவிடுவார்கள். இறந்தவர் கணக்கில் வராததால் உங்கள் திட்டத்தில் இறப்பு குறைவு என்று தோன்றும். வேறு இடத்தில் நலமாக இருப்பவர் உங்கள் தோல்வியாக எழுதப்படுவார். தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். தெரிந்தால் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். கூலி போகும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, போன தடவை எல்லார் முன்னாலும் திட்டினார்கள் என்று வரும். கடைசிக் காரணம் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே வரும்.

பெயரை அடித்துவிடுவது

அடிக்காதீர்கள். தேதி போட்டு நிலையை எழுதுங்கள்.

திரும்பி வந்தவரைத் தண்டிப்பது

எவ்வளவு தேடியும் கிடைக்காத ஒருவர் தானாக வந்து நிற்பார். அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்புவது, புதிதாகப் பெயர் பதியச் சொல்வது, "முதலிலிருந்து எல்லாம் போடணும்" என்று பயமுறுத்துவது எல்லாம் நடக்கிறது. பென்டா, போலியோ, ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகளில் இடைவெளி எவ்வளவு நீண்டிருந்தாலும் முதல் தவணையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து அடுத்த தவணையைப் போட்டால் போதும். காசநோயில் அப்படி இல்லை, எவ்வளவு நாள் மருந்து நின்றது என்பதைப் பொறுத்து மறுபடி சளிப் பரிசோதனை, மருந்து எதிர்ப்புப் பரிசோதனை தேவைப்படலாம், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எது பொருந்தும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் அவரை நாளைக்கு வரச் சொல்லாதீர்கள். உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய்க் கேட்டு வாருங்கள்.