வண்டியை சார்ஜில் போடும் முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

மின்சார வண்டி வாங்கியவர்கள் பேட்டரியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எனக்கென்னவோ சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் மேல்தான் சந்தேகம். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் ஓடும். கார் சார்ஜர் விடிய விடிய ஓடும்.

முதலில் சார்ஜரின் லேபிளில் ‘இன்புட்’ எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இல்லையென்றால் வாட்டை வீட்டு வோல்டேஜான 230ஆல் வகுத்தால் போதும். 750 வாட் ஸ்கூட்டர் சார்ஜர் 3 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். காரின் 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியரைத் தாண்டும்.

அடுத்து லைன். காருக்கு டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்களெல்லாம் பிரியும் பெட்டி) நேராக வரும் தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் சாக்கெட், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும், பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் செருக விற்கும் கன்வர்ட்டரும் வேண்டவே வேண்டாம். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) அடிக்கடி விழுந்தால் பெரிய எம்சிபியாக மாற்றாதீர்கள், வயர் தாங்காது.

மூன்று ஓட்டை இருந்தால் எர்த்தும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பழைய வீடுகளில் மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. சிலர் கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரலையே அங்கே முடிந்து வைத்திருப்பார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் வண்டியின் இரும்பு பாகத்திலேயே கரண்ட் வரும். எலெக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிப் பாருங்கள்.

இனி முக்கியமான சோதனை. முதல் தடவை சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து, பிளக்கின் பிளாஸ்டிக் பாகத்தைப் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை, பழுப்பேறிய சாக்கெட், இவற்றில் ஒன்று இருந்தாலும் எம்சிபியை அணைத்துவிடுங்கள். உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து 0.1 ஓம் தடை சேர்ந்தாலே போதும், 14 × 14 × 0.1, கிட்டத்தட்ட 20 வாட் அந்த ஒரே புள்ளியில் சூடாகிறது. சின்ன சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் வைத்த மாதிரி. கரண்ட் கூடவில்லை, கசியவும் இல்லை என்பதால் எம்சிபியும் விழாது, ஆர்சிசிபியும் விழாது. உங்கள் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். மாதம் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், அப்படியே ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திவிடுங்கள்.

கழற்றும் பேட்டரி என்றால் படுக்கையறையிலும் வாசற்படி ஓரத்திலும் சார்ஜ் போடாதீர்கள். வெயிலில் ஓட்டி வந்தால் கொஞ்சம் ஆறட்டும்.

அப்புறம், கருகிய சாக்கெட்டை மாற்றும்போது பிளக்கின் பின்களையும் பாருங்கள். கருத்த பின் புது சாக்கெட்டையும் கருக்கிவிடும்.