வீடு கட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டடக் கலைஞரிடம் கேட்டு வாங்க வேண்டியவை

கொங்கு நாட்டில் ஒருவர் “பிளான் போட்டாச்சு” என்று சொன்னால், பெரும்பாலும் அனுமதிக்காக வரையப்பட்ட ஒற்றைத் தாளைத்தான் அவர் குறிப்பிடுகிறார். அறைகளின் நீள அகலம், மனையின் எல்லை, முகப்புத் தோற்றம் ஆகியவை மட்டும் உள்ள அந்தத் தாளை நம்பிக் கடகால் தோண்டத் தொடங்கினால், கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் இறங்கும், படிக்கட்டின் அடியில் நடக்கும்போது தலை இடிக்குமா, கட்டிலைப் போட்டபின் சுவிட்ச் கைக்கு எட்டுமா என்பவற்றையெல்லாம் மேஸ்திரி அன்றன்று காலையில் வேலையிடத்தில் நின்றபடியே முடிவு செய்ய வேண்டியதாகிறது. அவருடைய கைத்திறனில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பத்து ஆட்கள் வேலைக்குக் காத்து நிற்கும்போது எடுக்கும் முடிவு, ஒரு மாதத்துக்கு முன்பே மேசைமேல் விரித்து வைத்து யோசித்த முடிவுக்கு ஈடாகாது. அந்த முன்யோசனைக்கும், அது சுவரில் சரியாக ஏறுகிறதா என்று பார்ப்பதற்கும்தான் கட்டடக் கலைஞருக்குக் கட்டணம் கொடுக்கிறோம்.

இந்தியக் கட்டடக்கலை மன்றம் வகுத்துள்ள நெறிமுறை இப்பணியை ஏழு கட்டங்களாகப் பிரிக்கிறது: கருத்துரு வடிவமைப்பு, முதல்நிலை வரைபடங்கள், அனுமதிக்கான வரைபடங்கள், வேலை வரைபடங்களும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களும், ஒப்பந்ததாரர் தேர்வு, கட்டுமானம், நிறைவு. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் உங்கள் கைக்கு வர வேண்டியது ஒன்று உண்டு. அது வந்தபின் அந்தக் கட்டத்துக்கான தொகையைக் கொடுப்பதே இரு தரப்புக்கும் நல்லது. ஏழும் சம எடை கொண்டவை அல்ல. பணம் மிச்சமாவதும் கரைவதும், முதல் கோடு போடுவதற்கு முன்னாலும் நான்காம் கட்டத்திலும்தான்.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே தம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவெண் ‘சிஏ’ என்று தொடங்கும். அதை மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். இச்சட்டம் பட்டப்பெயரைத்தான் காக்கிறது. கட்டடப் பொறியாளர் வீடு வடிவமைப்பதை அது தடுக்கவில்லை. நல்ல வீடுகளைக் கட்டிய பொறியாளர்கள் நம் ஊர்களில் ஏராளம். யாராக இருந்தாலும், அவர் கட்டிக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஆன ஒரு வீட்டை, சித்திரை மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று பாருங்கள். புதுமனை புகுவிழா அன்று எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும்.

கட்டணத்தைக் கட்டுமானச் செலவில் விழுக்காடாகவோ, சதுர அடிக் கணக்கிலோ, மொத்தத் தொகையாகவோ பேசலாம். தனி வீட்டுக்கு மொத்தத் தொகையே நல்லது என்பது என் கருத்து. செலவு கூடினால் கலைஞரின் வருமானமும் கூடும் என்ற ஐயம் அதில் எழாது. ஜிஎஸ்டி 18 விழுக்காடு சேர்ந்த தொகையா, சேராத தொகையா என்பதையும், கம்பி கட்டுமான வடிவமைப்பாளரின் (ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்) கட்டணம் இதற்குள் அடங்குமா என்பதையும், எத்தனை முறை வேலையிடத்துக்கு வருவார் என்பதையும் ஒப்பந்தக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வரைபடத்தின் பதிப்புரிமை வழக்கமாக வரைந்தவரிடமே இருக்கும். அதே வீட்டைத் தம்பி மனையிலும் கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் அதை முன்பே பேசிவிட வேண்டும்.

முதல் கோடு போடுவதற்கு முன்

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புலப்பட நகல் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு வடிவமைப்பை எதிர்பார்ப்பது போதாது. தோட்டத்து நிலத்தில் பொழி (வரப்பு) ஓரிடத்திலும் ஆவணத்து எல்லை வேறிடத்திலும் இருப்பது நம் பக்கம் வழக்கம். பங்காளிகள் மூன்று தலைமுறையாகப் பொழியையே எல்லையாக ஏற்று வந்திருப்பார்கள். ஆகவே மனையை அளந்து, நான்கு மூலைகளிலும் கல் நட்டு, மேடு பள்ளத்தின் மட்டங்களையும், தெருவின் மட்டத்தையும், மழைநீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதையும் குறித்த ஓர் அளவைப் படத்தை முதலில் தயாரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மண். கொங்கு நாட்டு மண் ஒரே சீரானது அன்று. ஓரிடத்தில் செம்மண்ணுக்குக் கீழே சில அடிகளிலேயே பாறை தட்டும். இன்னோரிடத்தில், சூலூர், பல்லடம், பொள்ளாச்சிப் பக்கங்களில், ஆழமான கரிசல் கிடக்கும். கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் சாதாரணக் கடகாலைப் போட்டால், இரண்டு கோடையில் சுவரின் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். அடியில் குடம்போல் அகன்ற ‘அண்டர் ரீம்டு’ தூண்களை, ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைக் கடந்து நிறுத்துவதே இதற்கு வழி. ஆழமான கரிசலில் அத்தூண் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. என் உறவினர் ஒருவர் மண் பரிசோதனைக்கான சில ஆயிரங்களை வீண் செலவு என்று விட்டுவிட்டார். பிறகு அந்த வீட்டில் விரிசல் அடைத்தே மூன்று முறை வண்ணம் பூசினார். நான்காம் முறையாக இப்போதும் ஒரு விரிசல் வந்துகொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கடகாலே போதும் என்ற பேச்சை ஏற்காதீர்கள். கரிசலும் செம்மண்ணும் ஒரே காட்டுக்குள் மாறுவது உண்டு.

கோயம்புத்தூர்ப் பகுதி, நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1893-இன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, மிதமான அபாயமுள்ள நிலநடுக்க மண்டலம் மூன்றில் உள்ளது. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூரை உலுக்கிய நிலநடுக்கத்தை இன்று நினைப்பவர் இல்லை. கம்பி கட்டுமானத்தை வடிவமைப்பவராவது நினைக்க வேண்டும். மண் அறிக்கையையும் இந்த மண்டலக் கணக்கையும் அவருடைய கணக்கீட்டுத் தாளில் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

ஆழ்துளைக் கிணறு போடுவதாக இருந்தால் கடகாலுக்கு முன்பே போட்டுவிடுங்கள். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி உள்ளே வரவும், மண்ணையும் சேற்றையும் கக்கவும் இடம் வேண்டும். வீடு எழும்பிய பிறகு அந்த வண்டிக்கு வழி கிடைக்காது. கிடைத்த தண்ணீரை ஆய்வுக்குக் கொடுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456. நம் பகுதியில் பல கிணறுகள் உப்புத் தண்ணீர் தருபவை என்பதால் இது வெறும் சடங்கு அன்று.

கருத்துருவும் முதல்நிலை வரைபடமும்

இங்கே கலைஞருக்கு நீங்கள் தர வேண்டியது அறைகளின் பட்டியல் அன்று, வாழ்க்கை முறை. மாடு கறக்கும் வீடா, தறி ஓடும் வீடா, மாதம் ஒருமுறை ஊரிலிருந்து பத்துப் பேர் வந்து தங்கும் வீடா, படியேற முடியாத அப்பச்சி இருக்கிறாரா என்று எழுதிக் கொடுங்கள். பழைய தொட்டிக்கட்டு வீட்டில் ஆசாரமும் (கூடம்) நடுவாசலும் பொடக்காலியும் (புழக்கடை) எதற்காக இருந்தன என்று பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்வதும் பயன்படும். இன்றைய 30 அடி அகல மனையில் நடுவாசலை அப்படியே வைக்க முடியாது. ஆனால் வெப்பக்காற்று மேலேறி வெளியேற வழியிருக்க வேண்டும் என்ற அதன் நோக்கத்தைப் படிக்கட்டின் மேற்கூட்டில் நிறைவேற்றிவிடலாம்.

காற்றும் வெயிலும் இங்கு ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து நல்ல காற்று வருகிறது. அதே மேற்கிலிருந்துதான் மாலை வெயிலும் சுவரைச் சுடுகிறது. மேற்குப் பக்கத்தை முழுக்க அடைத்தால் வீடு புழுங்கும். திறந்துவிட்டால் மாலையில் அனலடிக்கும். ஆழமான வெயில் தடுப்பும், மரமும், மூடித் திறக்கும் பலகைச் சன்னலும் சேர்ந்தால்தான் இரண்டையும் சமாளிக்க முடியும். நம் ஊர்கள் ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதிவரை நண்பகல் சூரியன் வடபுறமாகச் செல்கிறான். ஆகவே வடக்குச் சன்னலுக்கும் மறைப்பு வேண்டும். மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்கள் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வரைபடம் முடிந்தபின் சோதிடரை அழைத்து வருவதுதான் சிக்கல். தென்கிழக்கில் அடுப்பங்கரை என்பது மேற்குக் காற்று வீசும் இந்த ஊருக்குப் புகை வெளியேறும் கணக்கிலும் சரியாகவே அமைகிறது. தென்மேற்கில் படுக்கையறை என்பதற்குக் கூடுதல் நிழல் தேவைப்படும்.

முதல்நிலை வரைபடம் கையில் வந்ததும், மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாற்காலிகளை வைத்து நடந்து பாருங்கள். தாளில் பெரிதாகத் தெரிந்த அறை தரையில் சிறிதாகத் தெரியும். மாற்ற வேண்டியதை இப்போதே மாற்றுங்கள். இப்போது அழிப்பது கோடு, பிறகு இடிப்பது சுவர்.

அனுமதி

இது நீங்கள் அஞ்சுவதைவிட எளிது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளே அடிப்படை. 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குட்பட்டு, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்கு, 2024 ஜூலை முதல் இணையவழிச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. சுயசான்று என்றால் விதிமீறலின் பொறுப்பும் உங்களுடையதே என்பதை மறக்க வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மனை இருந்தால், அவ்வூர் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா என்று மனை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பைப் படத்தில் காட்டினால் போதாது. 2003 முதல் அது கட்டாயம், கட்டியும் ஆக வேண்டும்.

வேலை வரைபடங்கள்

பெரும்பாலானவர்கள் கேட்காமல் விடுவது இதைத்தான். அனுமதி வரைபடம் அலுவலகத்துக்கு. வேலை வரைபடம் கொத்தனாருக்கும் தச்சருக்கும் மின்பணியாளருக்கும். சராசரி வீட்டுக்குக்கூட இவை இருபது முப்பது தாள்கள் வரும். கடகால் மையக்கோட்டுப் படம், ஒவ்வொரு தளத்தின் அளவுப் படம், குறைந்தது இரண்டு வெட்டுத்தோற்றங்கள், கதவு சன்னல் அட்டவணை, படிக்கட்டின் விரிவுப் படம், கழிப்பறையின் ஓடு ஒட்டும் படம், மின்புள்ளிகள், குழாய்ப் பாதை, கம்பி விவரம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

குழாய்ப் பாதையில் நம் ஊருக்கென்று ஒரு தனிக் குறிப்பு உண்டு. சிறுவாணி போன்ற நல்ல தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் ஒரே வீட்டுக்குள் வருவதால், தரைத்தொட்டியும் மேல்தொட்டியும் இரண்டிரண்டாக, குழாய்களும் தனித்தனியாகக் காட்டப்பட வேண்டும். எந்தக் குழாய் அடுப்பங்கரைக்கு, எது கழிப்பறைக்கு என்பது வண்ணம் பிரித்துக் குறிக்கப்பட்டிருந்தால் பிற்காலத்தில் பழுது பார்ப்பவருக்கும் உதவும்.

பொருள் விவரக் குறிப்பும் இதே கட்டத்தில் வர வேண்டும். தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் 2021-இல் மூடப்பட்ட பிறகு செங்கல் பல திசைகளிலிருந்து வருகிறது. ஒரு சூளையின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே ‘நல்ல செங்கல்’ என்று எழுதுவதில் பயனில்லை. அளவு, நீர் உறிஞ்சும் விகிதம், ஒன்றோடொன்று தட்டினால் எழும் ஓசை எனச் சோதிக்கக்கூடிய சொற்களில் எழுத வேண்டும். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), சிமெண்ட், கம்பி ஆகியவற்றுக்கும் அதே முறைதான்.

ஒப்பந்ததாரர்

சதுர அடிக்கு இவ்வளவு என்ற பேச்சு வசதியானது, ஆனால் எதைச் சேர்க்கிறது என்பதில் ஏமாற்றும். கைப்பிடிச் சுவர், தரைத்தொட்டி, சுற்றுச்சுவர், படிக்கட்டின் மேற்கூடு ஆகியவை தனி என்று ஒருவரும், சேர்த்து என்று இன்னொருவரும் சொன்னால் அவ்விரு விலையையும் ஒப்பிடவே முடியாது. கலைஞர் தயாரித்த அளவுப் பட்டியலை மூன்று பேருக்குக் கொடுத்து, அதே வரிகளில் விலை நிரப்பச் சொல்லுங்கள். மிகக் குறைந்த விலை சொன்னவர் எந்த வரியில் குறைத்திருக்கிறார் என்று அப்போது தெரியும்.

வேலையிடத்தில்

கலைஞரின் வருகை அவ்வப்போதுதான். நாள்தோறும் நின்று பார்ப்பது அவர் பணியன்று. அதற்கு ஒரு மேற்பார்வையாளரை நீங்கள்தான் அமர்த்த வேண்டும். ஆனால் மையக்கோடு போடும் நாள், கடகாலின் அடிமட்டம் தெரியும் நாள், ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முந்தைய நாள், சுவருக்குள் குழாயும் மின்குழலும் மறைவதற்கு முந்தைய நாள் ஆகியவற்றில் அவர் கட்டாயம் வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அவர் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடட்டும்; தொலைபேசியில் சொன்ன சொல் பத்து நாளில் மூன்று விதமாக மாறிவிடும்.

கான்கிரீட்டுக்கு முன் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்: சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அடித்தளத்துக்கு 50. போட்ட கான்கிரீட்டை நீராட்டுவதில் பங்குனி, சித்திரையில் கட்டுவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வெப்பமும் வறட்சியும் உள்ள காலத்தில் சாதாரண சிமெண்டுக்கு 10 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 14 நாளும் ஈரம் காயாமல் காக்க வேண்டும் என்று ஐஎஸ் 456 கூறுகிறது. காலையும் மாலையும் ஒரு குடம் தெளிப்பது நீராட்டுவதாகாது. ஈரச் சாக்கு மூடியிருக்க வேண்டும், தளத்தில் பாத்தி கட்டி நீர் நிற்க வேண்டும்.

மேல்தளத்தில் தகரக்கூரை போடுவோர் ஆடிக்காற்றை மனத்தில் வைத்து அதன் பிடிமானத்தைக் கணக்கிட்டு வாங்குங்கள். அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்தவர்கள் தகரத்தைப் பார்த்திருக்கவில்லை.

நிறைவு

பால் காய்ச்சுவதற்கு நாள் குறித்துவிட்டால், முடியாத வேலையெல்லாம் முடிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். அதனால் அதற்கு இரண்டு வாரம் முன்பே கலைஞருடன் அறை அறையாக நடந்து, கதவு உரசுவது முதல் ஓடு வெற்றொலி கொடுப்பது வரை ஒரு குறைப்பட்டியல் எழுதுங்கள். கட்டியபடியே திருத்திய இறுதி வரைபடங்களையும், சுவர் பூசும் முன் எடுத்த குழாய்ப் புகைப்படங்களையும், மோட்டார் முதலானவற்றின் உத்தரவாதச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். கூரையில் நீர் தேங்குகிறதா, சன்னல் ஓரம் ஒழுகுகிறதா என்பதை ஐப்பசி மழைதான் காட்டும். ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் ஒரு பகுதியை அந்த மழை முடியும்வரை நிறுத்தி வைப்பதாக முதல் நாளே எழுதிக்கொண்டு, மழைக்குப் பின் கலைஞரை ஒருமுறை வரவழைத்துப் பார்த்தபிறகு அதைத் தீர்த்துவிடுங்கள்.