கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள்

அன்றாடம் கட்டிக்கொள்ள விலை குறைந்த கைக்கடிகாரம் வாங்கும்போது, முகப்பின் அழகில் மயங்குவதற்கு முன் அதைத் திருப்பி, பின்மூடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று மட்டும் இருந்தால் மூடிதான் எஃகு. உடற்பகுதி பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளையாகவோ கலப்பு உலோகமாகவோ இருக்கும். திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலோ ஈரோட்டு மஞ்சள் மண்டியிலோ நாள் முழுதும் வியர்வையில் ஊறும் கையில், அந்த முலாம் வார் மாட்டும் முனைகளிலும் பின்மூடியின் விளிம்பிலும் தேய்ந்து, உள்ளிருக்கும் பித்தளை பச்சை பூக்கத் தொடங்கும். ‘ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்றிருந்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. அங்கேயே நீர் புகாத் திறனாக ‘30 மீட்டர்’ என்றிருப்பது கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கு மட்டுமே. பவானி கூடுதுறையில் முங்கிக் குளிக்க அன்று. பிளாஸ்டிக் உடல் கொண்ட டிஜிட்டல் கடிகாரங்களுக்கு இந்த உலோகச் சோதனை பொருந்தாது.