பழைய வால்வு நாய்ஸ் ஜெனரேட்டரைச் சோதித்து அளப்பது எப்படி?

நாய்ஸ் ஜெனரேட்டர் என்பது சோதனைகளுக்காக வேண்டுமென்றே மின் இரைச்சலை உண்டாக்கும் கருவி. ஜெனரல் ரேடியோ நிறுவனத்தின் 1390-பி போன்ற வால்வு காலக் கருவிகளுக்கான செய்முறை இது. இரைச்சல் பிறப்பது 6டி4 என்ற வாயு வால்வில். பக்கத்திலேயே ஒரு காந்தம் இருக்கும். ஸ்கோப் (ஆசிலோஸ்கோப்), மல்டிமீட்டர் கையாளத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். ஃபில்டர் கெபாசிட்டர்களை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பாருங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கம் இங்கே வேண்டாம். கசிந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை மாற்றுங்கள்.

2. காந்தம் இருக்கிறதா, அசல் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தப்புலம் குறுக்காகப் பாய்ந்தால்தான் வாயு வால்வின் இயல்பான அலைவு அடங்கும். காந்தம் தொலைந்த பெட்டியில் இரைச்சலோடு சீரான அலையும் தெரியும். வால்வு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

3. 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் கோத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மங்கிவிட்டால் பல்பை உடனே எடுத்துவிட்டு நேரடியாக மின்சாரம் கொடுங்கள். ஹீட்டர் அரைச்சூட்டில் இருக்கும்போது வால்வை ஓட்டுவது அதற்குக் கேடு.

4. 20 கிலோஹெர்ட்ஸ் ரேஞ்சில் வைத்து ஸ்கோப்பில் பாருங்கள். நடுவில் அடர்ந்து ஓரங்களில் கலைந்துபோகும் பட்டை வர வேண்டும். ஓரம் நறுக்கியது போல் இருந்தால் எங்கோ கிளிப் ஆகிறது, அதாவது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. இதற்கு மட்டும் பழைய அனலாக் ஸ்கோப்தான் என் தேர்வு. அடர்த்தி கண்ணுக்கே தெரியும்.

கரண்ட் ஹம் (மெயின்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம்) கலந்திருக்கிறதா என்று அறிய, டிஜிட்டல் ஸ்கோப்பில் ட்ரிகரை ‘லைன்’ என்று வைத்து, ஆவரேஜை 64 ஆக்குங்கள். இரைச்சல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். ஹம் அப்படியே நிற்கும்.

5. பலரும் தடுக்கி விழும் இடம் அளவீடு. சராசரியை அளந்து, சைன் அலைக்கேற்ப ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் மூலம்) என்று காட்டும் மீட்டர்கள் காஸியன் இரைச்சலை, அதாவது மணி வடிவப் பரவல் கொண்ட தாறுமாறான இரைச்சலை, ஏறத்தாழ 1 டெசிபல் குறைத்தே காட்டும். காட்டியதை 1.13-ஆல் பெருக்குங்கள்: 1 வோல்ட் என்றால் உண்மையில் 1.13 வோல்ட். ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ மல்டிமீட்டர் வாங்கினால் தீர்ந்தது என்பதும் சரியல்ல. கைமீட்டர்கள் பல சில கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் சோர்ந்துவிடும். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை அளந்து, அதே வீச்சில் 20 கிலோஹெர்ட்ஸ் கொடுத்துப் பாருங்கள். ரீடிங் இறங்கினால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. எச்பி 3400ஏ என்ற பழைய ஆர்எம்எஸ் வோல்ட்மீட்டர் கிடைத்தால் விடாதீர்கள். 10 ஹெர்ட்ஸிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் வரை ஆர்எம்எஸ்ஸை முறையாக அளக்கும்.

பிற்சேர்க்கை: குறுகிய அலைவரிசையை மட்டும் விடும் ஃபில்டர் போட்டதும் மீட்டர் முள் அலைகிறதே என்றால், அது பழுதல்ல. 10 ஹெர்ட்ஸ் அகலத்தில் 10 விநாடி சராசரி எடுத்தாலும் ரீடிங் சுமார் 5 சதவீதம் ஆடும். 1 சதவீதத்துக்குள் வேண்டுமென்றால் 250 விநாடி காத்திருக்க வேண்டும்.